பல்ப அமுக்குனா இன்ஜின்ல பெட்ரோல் ரொம்பிடுமா?

வணக்கம் மக்களே. சத்தம் கேக்குதா? வெளிய தேங்கா லோடு ஏத்துறாங்க. அப்பப்ப தடதடன்னு கேக்கும், கண்டுக்காதீங்க.

இன்னைக்கி டேபிள்ல இருக்கிறது மரம் அறுக்கிற மெஷின். 45 சிசி. பேராவூரணி பக்கத்துல தோப்பு வச்சிருக்கிற ஒரு மாமாவோடது. "தம்பி, இருபது இழுப்பு இழுத்துட்டேன், தோள்பட்ட கழண்டு போச்சு, இந்த சனியன் தும்மக்கூட மாட்டேங்குது"ன்னு தூக்கிட்டு வந்தாரு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அமுக்குற ரப்பர் குமிழ் இருக்கே, அந்த பல்ப அமுக்குனீங்களா மாமான்னு கேட்டேன். "ரெண்டே ரெண்டு தடவ அமுக்குனேன். அதுக்கு மேல அமுக்குனா பெட்ரோல் ரொம்பி பிளக் நனைஞ்சிரும்ல?" அப்படின்னாரு.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வீடியோவே. கடைக்கி வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேரு இததான் சொல்றாங்க. அந்த பல்ப அமுக்குனா இன்ஜினுக்குள்ள ஒரு சொட்டு பெட்ரோல் கூட போகாது. நம்ப மாட்டீங்க, அதனால பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்பரேட்டர கழட்டியே வச்சிருக்கேன். கிட்ட வாங்க.

இந்தா இதுதான் பல்பு. ரப்பர் குமிழ், பிரைமர், பெட்ரோல் பம்பு, என்ன பேரு வேணா சொல்லிக்கங்க. டேங்க்ல இருந்து ஒரு டியூப், நுனியில ஃபில்டரோட, கார்ப்பரேட்டருக்கு வருது. கார்ப்பரேட்டர்ல இருந்து பல்புக்கு ஒண்ணு. பல்புல இருந்து திரும்ப டேங்குக்கே ஒண்ணு. பாத்தீங்களா, ஒரு சுத்து. டேங்க்ல கெளம்பி டேங்க்லயே முடியுது. பல்ப அமுக்குறப்ப உள்ள இருக்கிறது டேங்குக்குத் திரும்பிப் போவுது. விரல எடுக்குறப்ப குமிழ் உப்புது பாருங்க, அப்பத்தான் உறிஞ்சுது. அடியில சின்னதா ஒரு ரப்பர் வால்வு இருக்கு, ஒரு பக்கமாத்தான் விடும். அதனால பல்பு உறிஞ்சுறது மட்டும் கார்ப்பரேட்டர் பக்கம், தள்ளுறது மட்டும் டேங்க் பக்கம்.

இப்ப கார்ப்பரேட்டரோட வயித்தப் பாருங்க. இந்தக் கருப்பு ஜவ்வு இருக்கே, இதுதான் டயாஃப்ரம். பைக் கார்ப்பரேட்டர்ல மிதவை இருக்கும், அதக் கவுத்தா வேல செய்யாது. மரம் அறுக்குறப்ப மெஷின படுக்க வைப்போம், சாய்ப்போம், தலகீழாக்கூட புடிப்போம். அதனாலதான் மிதவைக்குப் பதிலா இந்த ஜவ்வு. பல்பு உறிஞ்சுனதும் ஜவ்வு உள்ள இழுபடும், நடுவுல இருக்கிற இந்தக் குட்டி லிவர அமுக்கும், லிவர் ஊசிய தூக்கும், ஊசி தெறந்ததும் டேங்க்ல இருந்து புதுப் பெட்ரோல் உள்ள வரும். இருந்த காத்து எல்லாம் பல்பு வழியா டேங்குக்குப் போயிடும். அம்புட்டுதான் அதோட வேல. காத்த வெளியேத்துறது.

பல்பு இல்லன்னா என்ன ஆகும்னா, அந்தக் காத்த கயித்த இழுத்துத்தான் வெளியேத்தணும். கார்ப்பரேட்டர்ல இருக்கிற பம்பு ஜவ்வு, கிராங்க் கேஸ்ல, அதாவது பிஸ்டனுக்கு அடியில இருக்கிற அறையில, வர்ற துடிப்புலதான் ஆடும். ஒரு இழுப்புக்கு இன்ஜின் சில சுத்துதான் சுத்தும், அதுல எவ்வளவு பெட்ரோல் ஏறிடப் போவுது? டியூப் காலியா இருந்தா பத்து, பதினஞ்சு இழுப்பு அதுக்கே செலவு. தோள்பட்ட செய்யிற வேலைய கட்டவிரல் செய்யிது, அதான் வித்தியாசம். பழைய மெஷின் நிறையத்துல பல்பே கிடையாது, அதெல்லாம் ஓடாமலா இருந்துச்சு.

அதனால கணக்குப் பாக்காம அமுக்குங்க. பல்புல பெட்ரோல் கண்ணுக்குத் தெரியிற வரைக்கும், அப்புறம் மேல ஒரு அஞ்சாறு தடவ. அம்பது தடவ அமுக்குனாலும் டேங்குக்குத்தான் போகும்.

இருங்க, ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பங்களா, ஹோட்டல்ல எல்லாம் புல்லு வெட்டுற தள்ளுவண்டி வச்சிருப்பாங்க, ஃபோர் ஸ்ட்ரோக். அதுல சிலதுல இருக்கிற பல்பு வேற சாதி. மிதவைத் தொட்டிக்குள்ள காத்த அடிச்சு, பெட்ரோல நேரா இன்ஜின் தொண்டைக்குள்ள தள்ளும். அதுல மெஷின்ல ஒட்டியிருக்கிற கணக்குப்படி, மூணுன்னா மூணோட நிறுத்திக்கணும். மாமாவுக்கு இந்தப் பயம் அங்க இருந்துதான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன். நம்ம மெஷின் எந்த சாதின்னு பாக்க ஈசியான வழி: பல்புல இருந்து டேங்குக்கு ரிட்டன் டியூப் இருந்தா பயமில்லாம அமுக்கலாம்.

அப்ப பிளக்க நனைக்கிறது யாரு? சோக். சோக்க மூடுனா காத்து வராது, இழுக்க இழுக்க பெட்ரோலா உறிஞ்சும். குளிர்ந்த இன்ஜின்ல ரெண்டு, மூணு இழுப்புல 'டப்'புனு ஒரு சத்தம் கேக்கும். கேட்டும் கேக்காத மாதிரி இருக்கும். அந்த சத்தம் வந்த உடனே சோக்க பாதிக்குத் தள்ளிடணும். அத விட்டுட்டு அதே சோக்ல இன்னும் பத்து இழுத்தீங்கன்னா அவ்வளவுதான், பிளக்க கழட்டித் தொடைக்கணும். பக்கத்துல லோடு ஏத்துற சத்தத்துல அந்த 'டப்' காதுல விழாது, அதான் பாதிப் பேருக்கு நடக்குறது. பழி மட்டும் பாவம் பல்பு மேல.

சரி, மாமாவோட மெஷினுக்கு வருவோம். அமுக்குறேன் பாருங்க. குமிழ் டக்குனு எழும்புது, ஆனா பெட்ரோல் வரல. காத்துதான் வந்துகிட்டே இருக்கு. இப்படி இருந்தா எங்கயோ காத்து புகுதுன்னு அர்த்தம், டியூபோ பல்போ வெடிச்சிருக்கு. இதுவே அமுக்குன பல்பு குழி விழுந்தபடியே நின்னுச்சுன்னா கத வேற, உறிஞ்சுற பக்கம் அடைப்பு. முதல்ல டேங்க் மூடியத் தெறந்து பாருங்க, 'புஸ்'ஸுனு காத்து உள்ள போனா டேங்க்கு மூச்சு விடுற ஓட்ட அடைச்சிருக்கு. இல்லன்னா ஃபில்டர். அதுவும் இல்லன்னா கார்ப்பரேட்டர் ஊசி ஒட்டிக்கிச்சு. பல்பு கல்லு மாதிரி அமுங்கவே இல்லையா? திரும்பிப் போற டியூப் எங்கயோ மடிஞ்சு கெடக்கும்.

இதுல எங்க வெடிப்புன்னு பாப்போம். பல்ப கழட்டிட்டேன். புதுசுல கண்ணாடி மாதிரி இருந்தது, இப்ப டீ கறை நெறத்துக்கு வந்திருச்சு பாருங்க. விரல் வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. மேல ஒண்ணும் தெரியாது. விளிம்ப ரெண்டு கட்டவிரலால இப்படி இழுக்குறேன்... ஆங், தெரியுதா? மயிரிழை மாதிரி, கால்வட்டத்துக்கு ஓடியிருக்கு. வெயில்ல மெஷின போட்டு வச்சது ஒண்ணு, பெட்ரோல் ஒண்ணு.

பெட்ரோல் பத்தி சொல்லியே ஆகணும். இப்ப பங்க்ல அடிக்கிறது இ20, அதாவது நூத்துக்கு இருபது எத்தனால். 2014 வாக்குல இது ரெண்டு சதவீதம் கூட கிடையாது. இந்தச் சின்ன இன்ஜின் கம்பெனிங்க நிறைய பேரு கையேட்டுல பத்து சதவீதத்துக்கு மேல போகாதீங்கன்னு போட்டிருக்காங்க. எத்தனால் ஈரத்த இழுக்கும், பழைய ரப்பர வெறைக்க வைக்கும். பங்க்ல வேற கிடைக்காதே, என்ன பண்றதுன்னா, டேங்க்ல போட்டுட்டு மாசக்கணக்குல விடாதீங்க. டேங்க கவுத்து ஊத்திட்டு, பல்ப அமுக்கி டியூப்ல இருக்கிறதையும் வெளியேத்திட்டு, ஸ்டார்ட் பண்ணி அதுவா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு வைங்க. இப்ப காத்த எடுக்குற பல்பு பெட்ரோல எடுக்குது, அவ்வளவுதான்.

பல்பு பத்தி நான் படிச்சது எப்படின்னு சொல்றேன், சிரிக்காதீங்க. 2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறுச்சு. விடிஞ்சு பாத்தா எங்க ஊருப் பக்கம் தென்ன எல்லாம் படுத்துக் கெடக்கு. ரோட்ட மறிச்சு, வீட்டு மேல, கரண்டுக் கம்பி மேல. யாருகிட்ட மெஷின் இருந்தாலும் அவன்தான் அன்னைக்கி ராஜா. நான் அப்பத்தான் தொழில் கத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தர் மெஷின் பல்பு கிழிஞ்சு வந்துச்சு. ஸ்பேர் கிடைக்கல, கரண்டு கிடையாது, பஸ் கிடையாது. நான் என்ன பண்ணேன், பல்ப தூக்கிட்டு ரெண்டு டியூபையும் சேத்துக் கட்டிட்டேன். பெரிய புத்திசாலி. ஸ்டார்ட் ஆச்சு, லோடு குடுத்தா கத்திக்கிட்டே அமந்துச்சு. ஸ்க்ரூவத் திருப்பித் திருப்பி எப்படியோ ஓட விட்டு அனுப்பிட்டேன். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்துச்சு, பிஸ்டன் புடிச்சுப் போயி.

இப்ப இந்த சுத்தப் பாத்தீங்கள்ல, நீங்களே சொல்லுவீங்க நான் பண்ண தப்ப. வால்வு பல்புக்கு அடியிலதான் இருந்துச்சு. அதத் தூக்கிட்டு சேத்துக் கட்டுனா டேங்க்ல இருக்கிற காத்து நேரா கார்ப்பரேட்டர் வயித்துக்குப் போகும். பெட்ரோல் கம்மியாகும். இந்த மெஷின் டூ ஸ்ட்ரோக், இதுல ஆயில் பெட்ரோலோடதான் வருது, பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், சூடும் ஏறும். அன்னைக்கி டியூப சேக்காம, கார்ப்பரேட்டர் பக்கத்து வாய இறுக்கி அடைச்சிருந்தாக்கூட, கூட நாலு இழுப்போட மெஷின் ஓடியிருக்கும். பிஸ்டன் செட்டு என் கைக்காசுல போட்டுக் குடுத்தேன்.

புது பல்பு மாட்டுறேன். டியூப மாத்தி மாட்டிடாதீங்க. அடையாளம் தெரியலன்னா விரல ஈரம் பண்ணி, பல்புல டியூப் மாட்டுற ரெண்டு மூக்குலயும் வச்சு பல்ப அமுக்குங்க. ஊதுற மூக்கு டேங்குக்கு, உறிஞ்சுற மூக்கு கார்ப்பரேட்டருக்கு.

இந்த ஈசி ஸ்டார்ட்னு போட்டு விக்கிற மெஷின் பத்தி நிறைய பேரு கேக்குறீங்க. அதுல ஸ்டார்ட்டருக்கும் கிராங்குக்கும் நடுவுல கூடுதலா ஒரு ஸ்பிரிங் இருக்கும். நீங்க மெதுவா இழுக்குறப்ப அது முறுக்கேறும், பிஸ்டனோட அழுத்தத்தத் தாண்டுற அளவுக்கு வந்ததும் படக்குனு விட்டு சுத்தும். ஸ்டீல் (STIHL)னு மெஷின் கம்பெனி இருக்கே, அவங்க இதுக்கு வச்சிருக்கிற பேரு எர்கோஸ்டார்ட். அத வாங்கிட்டு வந்து பழைய பழக்கத்துல வெட்டி வெட்டி இழுக்குறாங்க நம்மாளுங்க. தேவையே இல்ல. கெணத்துல வாளி இழுக்குற மாதிரி சீரா இழுங்க. பெரிய மெஷின்ல சிலிண்டர் மேல ஒரு பட்டன் இருக்கும், அமுக்குனா கொஞ்சம் அழுத்தம் வெளியேறும், கயிறு லேசாகும். மொதல் வெடிப்புல அதுவா மேல வந்துடும். நின்னா திரும்ப அமுக்கணும், அத மறந்துட்டு கயித்த திட்டுவாங்க.

சரி, போட்டுப் பாப்போம். தரையில வச்சு, செயின் பிரேக் போட்டு, பின் கைப்பிடிக்குள்ள வலது காலு. அந்தரத்துல தூக்கிப் போட்டு இழுக்குறதெல்லாம் வீடியோவுக்கு நல்லாருக்கும், தொடைக்கி நல்லாருக்காது. பல்பு... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஏறுது பாருங்க, பச்சையா... அஞ்சு, ஆறு. இன்னும் அஞ்சாறு. சோக் மூடியாச்சு. ஒண்ணு... ரெண்டு... டப்! கேட்டுச்சா? பாதி சோக். இப்ப ஒண்ணு...

(இன்ஜின் சத்தம்)

ஆஃப் பண்ணிட்டேன். மாமாவுக்கு போன் போடணும். இந்தப் பழைய பல்ப ஒரு கவர்ல போட்டு வைக்கிறேன், வந்ததும் மொதக் கேள்வியே "பழசு எங்க தம்பி"ன்னுதான் இருக்கும்.