எடைத் தராசும் எதிராளியும்

வணக்கம் நேயர்களே.

2024 ஆகஸ்ட் மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிக்கு வந்தவர் அவர். மறுநாள் காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம். அவ்வளவுதான், பதக்கம் கைநழுவிப் போயிற்று. இரவெல்லாம் உடற்பயிற்சி செய்தார், முடியைக்கூட வெட்டினார்கள், அந்த 100 கிராம் இறங்கவில்லை. "100 கிராமில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று அன்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்குப் பதில்தான். ஆனால் மல்யுத்தத்தைப் பற்றி அல்ல, குத்துச்சண்டையைப் பற்றி. அதுதான் எனக்குத் தெரிந்த உலகம். பல ஆண்டுகள் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், அவர்களைத் தராசுவரை அழைத்துப் போயிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் ஆடுபவருக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. குலுக்கலில் யார் வருகிறாரோ அவருடன் மோத வேண்டும். எடைப்பிரிவும் போட்டி நடத்துபவர்கள் வகுத்ததுதான். நம் மேரி கோமை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உலகப் பட்டங்களை வென்றது 48 கிலோவிலும் அதற்குக் கீழும். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்த்தபோது இருந்தவை மூன்றே பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. அவருடைய 48 இல்லவே இல்லை. தன்னைவிட உயரமான, கனமான பெண்களோடு மோத 51க்கு ஏறினார், வெண்கலம் வாங்கினார். அரையிறுதியில் அவரை வென்ற நிக்கோலா ஆடம்ஸ்தான் தங்கமும் வாங்கினார்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் கதை வேறு. அங்கே குலுக்கல் இல்லை. ஒவ்வொரு சண்டையும் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிப் போடுகிற ஒப்பந்தம். யாரோடு, எப்போது, எந்த ஊரில், எத்தனை சுற்று, எந்த அளவு சண்டை வளையம், எத்தனை அவுன்ஸ் கையுறை, எந்த எடை என்று எல்லாமே பேச்சுவார்த்தையில் முடிவாகும். அதிகக் கூட்டத்தை இழுக்கும் வீரர் யாரோ அவர் தரப்பின் சொல்தான் அந்த மேசையில் பெரும்பாலும் எடுபடும். ஆகவே முதல் சுற்றுக்கு மணி அடிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது. இதைக் கேவலம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் எதிராளியைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய கலையும் இருக்கிறது, பெரிய அநியாயமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆளிடம் காட்ட முடியும். அவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே லியோனார்ட்.

லியோனார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980 ஜூன் 20, கனடாவின் மான்ட்ரியல் நகரம். எதிரே பனாமாவின் ராபர்ட்டோ டுரான். கீழே இருந்த லைட்வெயிட் பிரிவில் பல ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாமல் இருந்துவிட்டு, 147 பவுண்டு வெல்டர்வெயிட்டுக்கு ஏறி வந்தவர். நம் கணக்கில் 66.7 கிலோ. டுரான் வசைபாடிச் சீண்டினார், லியோனார்ட் கோபத்தில் தன் கால்வேகத்தை மறந்து நேருக்கு நேர் நின்று அடித்தார், 15 சுற்று முடிவில் தோற்றார். அவருக்கு அது முதல் தோல்வி. வேறு ஒருவராக இருந்தால் ஓராண்டு ஓய்வு எடுத்து, இடையில் இரண்டு எளிய சண்டைகள் போட்டுவிட்டுத்தான் திரும்பி வருவார். லியோனார்ட் உடனே மறுசண்டை கேட்டார். ஏன்? வெற்றிக் களிப்பில் டுரான் விருந்தும் குடியுமாக இருக்கிறார், உடம்பு ஊதிக்கொண்டு போகிறது என்ற செய்தி அவருக்கு எட்டியிருந்தது. பின்னாளில் லியோனார்டே இதை மறைக்காமல் சொன்னார். ஐந்தே மாதம் கழித்து, நவம்பர் 25ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸில் சண்டை. அவ்வளவு எடையையும் அவசர அவசரமாக இறக்கிவிட்டு வந்த டுரான் எதிரே, இந்த முறை லியோனார்ட் நிற்கவே இல்லை. சுற்றிச் சுற்றி ஆடினார், எட்டிப் பிடித்தால் நழுவினார். எட்டாவது சுற்றில் டுரான் கையை உதறிவிட்டுத் திரும்பி நடந்தார். சண்டை முடிந்தது.

இது தந்திரம்தானே என்று கேட்டால், ஆம், தந்திரம்தான். ஆனால் டுரானை யாரும் விருந்துக்குக் கட்டாயப்படுத்தவில்லை. காலத்தைக் கணித்தவர் வென்றார். இந்த விஷயத்தில் நான் முழுக்க லியோனார்ட் பக்கம்.

அடுத்தது 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகஸ். மார்வின் ஹாக்லர் என்ற மிடில்வெயிட் மன்னன், 160 பவுண்டு, அதாவது 72.6 கிலோ. 1980 முதல் பட்டம் அவர் கையில், 11 ஆண்டுகளாகத் தோல்வி இல்லை. லியோனார்ட் அப்படி அல்ல, கண்ணில் விழித்திரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு விலகியவர், ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு சண்டை போட்டவர். அவருக்குப் பைத்தியமா என்று பத்திரிகைகள் கேட்டன. ஆனால் முந்திய ஆண்டு ஹாக்லர் உகாண்டாவின் ஜான் முகாபியோடு மோதியதை லியோனார்ட் வளையத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தார். சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்தார். ஹாக்லர் வென்றார், ஆனால் முன்பைப் போல் கால் நகரவில்லை, முன்பு விலகிய அடிகள் இப்போது முகத்தில் விழுந்தன. லியோனார்ட் அதைக் கண்டுகொண்டார்.

பிறகு பேச்சுவார்த்தை. பெரிய பங்குப் பணம் ஹாக்லருக்கு, சரி. பதிலுக்கு லியோனார்ட் கேட்டவை: 15 சுற்று வேண்டாம், 12 சுற்று. வளையம் 20 அடி, ஓடி ஆட இடம் வேண்டும். கையுறை 10 அவுன்ஸ், கொஞ்சம் கனத்த பஞ்சு. ஒவ்வொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீண்ட ஓய்வில் இருந்தவருக்குக் குறைந்த சுற்று நல்லது. வேகக்காரருக்குப் பெரிய வளையம் நல்லது. பலமாக அடிக்கிறவரின் அடியை மெத்தென்று ஆக்கக் கனத்த கையுறை நல்லது. சண்டை நாளில் ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்திலும் அவர் பயிற்சியாளர்கள் நிற்கும் மூலையிலிருந்து குரல் வரும், உடனே லியோனார்ட் சரமாரியாக அடிப்பார். அடிகளில் பலம் குறைவு, ஆனால் சுற்று முடியும்போது நடுவர்கள் கண்ணில் நிற்பது அதுதான். முடிவு பிளவுத் தீர்ப்பு. இரண்டு நடுவர்கள் லியோனார்டுக்கு, ஒருவர் ஹாக்லருக்கு. ஒரு நடுவரின் கணக்கு லியோனார்டுக்கு 118, ஹாக்லருக்கு 110. அது அதிகம் என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஹாக்லர் அதற்குப் பிறகு வளையத்தில் ஏறவே இல்லை. இத்தாலிக்குப் போனார், திரைப்படங்களில் நடித்தார், 2021இல் இறந்தார். தான்தான் வென்றேன் என்று கடைசிவரை சொன்னார்.

நான் அந்தச் சண்டையைப் பலமுறை பார்த்துவிட்டேன். லியோனார்ட் ஒரு சுற்று வித்தியாசத்தில் வென்றார் என்பதே என் கணக்கு. அந்த ஒரு சுற்று பேச்சுவார்த்தை மேசையில் கிடைத்தது. அதிலும் எனக்குக் குறை இல்லை, ஏனென்றால் ஹாக்லர் தன் இயல்பான எடையில், தன் முழுப் பலத்தோடு வந்தார். எடை கூடி மேலே ஏறி வந்தவர் லியோனார்ட். மேலே ஏறுகிறவரின் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

இப்போது மூன்றாவது. 1988 நவம்பர். கனடாவின் டானி லலோண்ட், லைட் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன். அந்தப் பிரிவின் எல்லை 175 பவுண்டு, 79.4 கிலோ. லியோனார்ட் தரப்பு போட்ட நிபந்தனை, சண்டை 168 பவுண்டில் நடக்க வேண்டும் என்பது. 168 பவுண்டுக்கென்று உலகக் குத்துச்சண்டை கவுன்சில் புதிதாக ஒரு பட்டத்தை அப்போதுதான் உருவாக்கியிருந்தது. ஒரே இரவில் இரண்டு பட்டங்களும் பந்தயத்தில். கவனியுங்கள், லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டையில் ஒருவர்கூட லைட் ஹெவிவெயிட் எடையில் இல்லை. சாம்பியன் தன் சொந்தப் பட்டத்தைக் காக்க ஏழு பவுண்டு வற்ற வேண்டும். நாலாவது சுற்றில் லலோண்ட் லியோனார்டைக் கீழே தள்ளினார். ஒன்பதாவது சுற்றில் அவரே விழுந்தார்.

லலோண்ட் சம்மதித்தாரே என்பார்கள். வாழ்நாளின் மிகப் பெரிய தொகையை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டால் யார் மறுப்பார்கள்? மேலே ஏறுவது வேறு, அடுத்தவனைக் கீழே இழுப்பது வேறு. இதைத்தான் நான் இருபது பேர் கூடினாலும் சொல்வேன், இரண்டு பேர் கூடினாலும் சொல்வேன்.

ஏழு பவுண்டு, மூன்று கிலோ சொச்சம், அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 100 கிராம் கேள்வி மறுபடியும் வருகிறது. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள். பையனுக்கு இன்னும் ஒரு கிலோ இறங்க வேண்டும். அந்தக் கடைசிக் கிலோ கொழுப்பு அல்ல, தண்ணீர். மழைக்கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நண்பகல் வெயிலில் ஓடுவான். புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலையெல்லாம் ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே இருப்பான். மறுநாள் காலை உதடு வெளுத்து வெடித்திருக்கும், நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வராது. துண்டையும் அவிழ்த்துவிட்டு, மூச்சை வெளியே விட்டு, தராசில் ஏறுவான். சரியாக இருக்கும். இறங்கியதும் குளுக்கோஸ் டம்ளரைக் கையில் கொடுப்போம். டம்ளர் நடுங்கும். மாலையில் வளையத்தில் அடி வருவதை அவன் பார்ப்பான், ஆனால் கால் நகராது. உடம்பு நீர் வற்றினால் மூளைக்கான பாதுகாப்பும் குறைகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அதனால்தான் எடை குறைக்க வந்த பையன்களை நான் மேல் பிரிவில் ஆடச் சொல்வேன். தோற்றாலும் பரவாயில்லை என்பேன். பெற்றோர்களுக்குத்தான் அது பிடிக்காது.

சின்ன ஆளைத் தேர்ந்தெடுத்தவனுக்கே அது வினையாக முடிந்ததும் உண்டு. 2008 டிசம்பர் 6. ஆஸ்கர் டி லா ஹோயா, அந்தக் காலத்தின் பெரும் பணக்கார வீரர். எதிராளியாக அவர் தேர்ந்தெடுத்தது பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவோவை. அந்த ஆண்டுதான் பாக்கியாவோ 135 பவுண்டில் பட்டம் வென்றிருந்தார். சின்ன ஆள், எளிய சண்டை என்று எல்லோரும் நினைத்தார்கள், பாக்கியாவோவுக்கு ஆபத்து என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. ஆனால் எடை 147 என்று முடிவாயிற்று. டி லா ஹோயா ஏழு ஆண்டுகளாக அந்த எடையில் ஆடியதில்லை. பாக்கியாவோவின் பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச், முந்திய ஆண்டு டி லா ஹோயாவுக்கே பயிற்சி கொடுத்தவர். கண்ணுக்குப் பட்ட இடத்தில் கை போவதில்லை, தாமதிக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்து வைத்திருந்தார். எடை பார்த்தபோது டி லா ஹோயா 145, தேவைக்கும் கீழே வற்றியிருந்தார். சண்டை இரவில் சின்ன ஆளான பாக்கியாவோ அவரைவிடச் சற்றே கூடுதல் எடையோடு நின்றார். எட்டு சுற்று அடி வாங்கிவிட்டு, ஒன்பதாவதுக்கு டி லா ஹோயா எழுந்து வரவில்லை. அதுவே அவருடைய கடைசிச் சண்டை. இதே பாக்கியாவோ அடுத்த ஆண்டு மிகேல் கோட்டோவை 147 பவுண்டு பட்டத்துக்கு 145இல் ஆட வைத்தார். எனக்குப் பாக்கியாவோவை மிகவும் பிடிக்கும். அந்த இரண்டு பவுண்டு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார். அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் சாம்பியன்களில் தனக்குத் தோதான ஜான் ரூயிஸைத் தேர்ந்தெடுத்து, 193 பவுண்டாக ஏறி, 226 பவுண்டு ஆளை வென்றார். பிறகு அதே ஆண்டு 175க்கு இறங்கினார். அந்த உடம்பு அதற்குப் பிறகு பழைய உடம்பாக இருக்கவில்லை. இவ்வளவோடு விடுகிறேன்.

இதைச் சொல்லாமல் போக மாட்டேன். 1982இல் தென்கொரியாவின் கிம் டுக் கூ லாஸ் வேகஸில் அடிபட்டு இறந்த பிறகு, 15 சுற்று படிப்படியாக 12 ஆனது. எடை பார்ப்பதும் சண்டை நாளிலிருந்து முந்தின நாளுக்கு நகர்ந்தது. வற்றிய உடம்பு தேறட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஒரு நாள் இடைவெளியில் சிலர் ஒரு பிரிவு அல்ல, மூன்று பிரிவு ஏறி வரத் தொடங்கினார்கள். 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ காட்டி, ஜோயி கமாஷ் என்ற இரு வீரர்களும் 141 பவுண்டுக்கு எடை காட்டினார்கள். மறுநாள் இரவு ஆர்ட்டுரோ 160, கமாஷ் 145. இரண்டாவது சுற்றில் கமாஷ் நினைவிழந்து விழுந்தார். மூளை பாதிக்கப்பட்டது, அதோடு குத்துச்சண்டை முடிந்தது. ஆர்ட்டுரோவின் எடையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். எடை பார்த்ததில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் கவனக்குறைவாக இருந்தது என்று 2010இல் நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு கிடைக்கவில்லை.

இதற்கு மருந்து சண்டை நாள் காலையில் இரண்டாவது எடை. 10 பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று சர்வதேசக் குத்துச்சண்டை கூட்டமைப்பு தன் பட்டச் சண்டைகளில் வைத்திருந்த விதி அது. நல்ல விதி. ஆனால் இப்போது பணக்கார வீரர்கள் அதையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்து, பெரிய உடம்புக்காரரைக் கட்டிப் போடப் பயன்படுத்துகிறார்கள். 2023இல் ஜெர்வான்டா டேவிஸ் 136 பவுண்டு எல்லையோடு அதையும் ரயன் கார்சியாவுக்குப் போட்டார், ஏழாவது சுற்றில் விலாவில் ஒரே அடியில் உட்கார வைத்தார். இரண்டாவது எடையை வீரர்களின் பேரத்துக்கு விடக் கூடாது. ஒவ்வொரு சண்டைக்கும், ஒவ்வொரு எடைப்பிரிவுக்கும், இரண்டு பேருக்கும் ஒரே அளவாக ஆணையங்களே அதை விதியாக்க வேண்டும். நம் மாநிலங்களில் தொழில்முறைச் சண்டை நடத்தத் தொடங்கியிருப்பவர்களும் முதல் நாளிலிருந்தே அதை எழுதி வைக்க வேண்டும்.

நேரம் முடிந்தது. வணக்கம்.