முழுச் சொத்தோடு பிரிந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சொத்தைப் பாகம் பிரித்தால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். நான்கு பேர் என்றால் கால் பங்குதான். இன்று நான் பேச வந்திருக்கும் குடும்பத்தில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே பிரிந்து போன ஒவ்வொருவரும் முழுச் சொத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் எதுவும் குறையவில்லை. பிஎஸ்டி என்ற இயங்குதளக் குடும்பத்தைத்தான் சொல்கிறேன். அங்கே சொத்து என்பது மூலநிரல், அதாவது மென்பொருளை எழுதிய வரிகள்; எத்தனை பேர் நகலெடுத்தாலும் குறையாது.

இந்தக் குடும்பத்தின் மூத்தவர் யுனிக்ஸ். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் தாங்களும் நிறைய எழுதிச் சேர்த்தார்கள். பில் ஜாய் என்ற மாணவர் 1978-இல் அந்தச் சேர்க்கைகளைத் தொகுத்து வெளியே அனுப்பத் தொடங்கினார். அந்தத் தொகுப்புதான் பிஎஸ்டி, அதாவது பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன். 1983-இல் வந்த 4.2 பதிப்பில், இன்றைய இணையத்துக்கு அடிப்படையான டிசிபி/ஐபி நிரலும் இருந்தது.

1992-இல் ஜோலிட்ஸ் தம்பதி பிஎஸ்டியை, இன்டெல் 386 செயலி கொண்ட சாதாரண மேசைக் கணினியில் ஓட வைத்தார்கள். பலரும் ஆர்வமாக எடுத்துப் பயன்படுத்தினார்கள். திருத்தங்கள் குவிந்தன, ஆனால் அவற்றைச் சேர்த்த புதிய பதிப்பு வரவில்லை. காத்திருந்து சலித்தவர்கள் 1993-இல் இரண்டு அணிகளாகத் தனித்தனியே கிளம்பினார்கள். ஒன்று ஃப்ரீபிஎஸ்டி, மற்றொன்று நெட்பிஎஸ்டி. மேசைக் கணினியில் வேகமாகவும் உறுதியாகவும் ஓட வேண்டும் என்பது முதல் அணியின் எண்ணம். எந்த வன்பொருளாக இருந்தாலும் அதில் ஓட வேண்டும் என்பது இரண்டாவது அணியின் எண்ணம். இடையில், தங்கள் யுனிக்ஸ் நிரல் பிஎஸ்டியில் இருக்கிறது என்று, பெல் ஆய்வகத்தை வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தரப்பு தொடுத்த வழக்கு ஒன்றும் நடந்தது. 1994-இல் சமரசம் ஆனபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டி வந்தவை மூன்றே மூன்று. சுத்தமான அந்தப் பதிப்பை அடித்தளமாக வைத்து இரு அணிகளும் திரும்பக் கட்டினார்கள்.

அடுத்த பிரிவுக்கு மனஸ்தாபம்தான் காரணம். நெட்பிஎஸ்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான தியோ டி ராட், சக உறுப்பினர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1995-இல் ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சண்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். எப்போது பிரிந்தார்கள் என்பதற்குத்தான் சண்டை பதில் சொல்லும். பிரிந்த பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. அவர்கள் உட்கார்ந்து மூலநிரலை வரி வரியாகப் படித்தார்கள், பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி. அந்தப் பழக்கம்தான் ஓபன்பிஎஸ்டிக்குத் தனி முகம் கொடுத்தது. இன்று சர்வர்களைத் தொலைவிலிருந்து இயக்குபவர்கள் நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எச் அங்கிருந்து வந்ததுதான்.

வித்தியாசம் எப்படி வளர்கிறது என்பதை ஒரே ஒரு கட்டளையில் காட்டுகிறேன். பிணைய அட்டையை அமைக்க உதவும் இஃப்கான்ஃபிக், பெர்க்லியின் 4.2 பதிப்பிலிருந்தே இருப்பது. மூன்று வீட்டிலும் அதே பெயர்தான். ஆனால் வைஃபையில் சேரவேண்டும் என்றால் ஓபன்பிஎஸ்டியில் வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அந்தக் கட்டளையிடமே கொடுத்துவிடலாம், வேலை முடிந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் அதே கட்டளையால் முதலில் ஒரு மெய்நிகர் இடைமுகத்தை, அதாவது மென்பொருளிலேயே அமையும் ஒரு பிணைய அட்டையை, உருவாக்க வேண்டும். அப்புறம் கடவுச்சொல் விவகாரத்தை வேறொரு நிரல் பார்த்துக்கொள்ளும். எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான். எல்லாம் ஒரே இடத்தில், சிறியதாக இருக்கட்டும் என்று ஒருவர் நினைத்தார். பல இடங்களில் புழங்கும் நிரலையே நாமும் வைத்துக்கொள்வோம் என்று இன்னொருவர் நினைத்தார். இப்படி ஆயிரம் சின்ன முடிவுகள் சேர்ந்துதான் ஒரு இயங்குதளம் இன்னொன்றாகிறது.

சொத்தோடு பரம்பரை நோயும் வரும். கோப்புறையைப் படிக்கும்போது இடையில் சில கோப்புகளை அழித்தால், முன்பு குறித்துவைத்த இடத்துக்குத் திரும்பும்போது அது தவறிப்போகும் ஒரு பிழை 4.2 பதிப்பில் இருந்தது. ஓபன்பிஎஸ்டிக்காரர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது 2008-இல். 25 வருடம்! அத்தனை காலமும் எல்லாக் கிளைகளிலும், பிஎஸ்டி நிரலை எடுத்துக்கொண்ட மேக் கணினிகளிலும்கூட, அது சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

கிளைகளுக்குள் கொடுக்கல் வாங்கலும் உண்டு. உரிமம் அவ்வளவு தாராளமானது. 2001-இல் ஓபன்பிஎஸ்டி, பிஎஃப் என்ற தீச்சுவரை, அதாவது பிணையத்தில் வருவதையும் போவதையும் விதிகளின்படி வடிகட்டும் நிரலை, எழுதியது. அதை ஃப்ரீபிஎஸ்டி எடுத்துக்கொண்டது. சில வருடம் கழித்து ஓபன்பிஎஸ்டி அதன் விதிகளை எழுதும் முறையையே மாற்றியது. ஃப்ரீபிஎஸ்டி பழைய முறையை விடவில்லை. ஆனால் பல செயலிக் கருக்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி உட்புறத்தைத் திருத்தி எழுதியது. ஆக, கடன் வாங்கிய பொருளும் இரண்டாகக் கிளைத்துவிட்டது. ஓபன்பிஎஸ்டியில் நடந்த மாற்றங்களை ஃப்ரீபிஎஸ்டி இப்போது ஒவ்வொன்றாக மறுபடி வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.