இயக்கச்சிக் கிணறுகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பரந்தன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் 28 வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். போரில் நின்றவர்கள் சொல்லும் கதைகளைப் பற்றிக் கதைக்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வன்னியில் அதற்காக எங்கும் தேடிப் போகத் தேவையில்லை. சந்தையில் கத்தரிக்காய் நிறுத்துத் தருகிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர், கோயில் வெளிவீதியில் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு இளைப்பாறுகிறவர், எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. மாரி தொடங்கிக் குளிர் இறங்கினால் உடம்புக்குள் கிடக்கிற 'பீஸ்', அதுதான் செல் துண்டுகள், குத்தத் தொடங்கும். அந்தக் கதைகளும் அநேகமாக அப்போதுதான் வெளியே வரும்.

நான் கேட்ட கதைகளில் ஒன்றுகூட வெற்றியில் தொடங்கியதில்லை. நித்திரையில் தொடங்கும், பசியில் தொடங்கும், கூடுதலாகத் தண்ணீரில் தொடங்கும்.

ஆனையிறவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் ஒடுங்கிய தரை, அதிலே உப்பளம். குடிக்கிற தண்ணீர் அங்கே கிடையாது. கொஞ்சம் வடக்கே இயக்கச்சிக்குப் போனால்தான் நல்ல தண்ணீர். மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கும். இதை நான் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுவேன். ஆனையிறவு இராணுவத் தளம் அந்தக் கிணறுகளை நம்பித்தான் இருந்தது. 1991 ஜூலையில் புலிகள் முற்றுகையிட்டபோது தளம் தாக்குப்பிடித்தது. வெற்றிலைக்கேணியில் இராணுவம் கடல்வழியாக வந்து தரையிறங்கி மீட்டது. 2000 ஏப்ரலில் இயக்கச்சி புலிகளிடம் போனது, கிணறுகளும் போயின. 22ஆம் திகதி தளமும் போனது. பிறகு 2009 ஜனவரியில் மறுபடி இராணுவத்தின் கையில். ஒரு தலைமுறையே செத்து விழுந்த இடத்தை நான்கு வரியில் சொல்லி முடித்துவிட்டேன். வகுப்பிலும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது எனக்கு இப்போது வலிக்கிறது.

2000இல் இயக்கச்சியில் புலிகள் பக்கம் நின்ற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இப்போது சந்தையில் மரக்கறி விற்கிறார். ஒருநாள் தானாகவே சொன்னார்: "சேர், அடிபாடு எனக்கு வடிவா ஞாபகமில்லை. கிணத்தடிக்கு வந்ததுதான் ஞாபகம். வாளி இல்லை. தண்ணிக் கானைக் கயித்தில கட்டி இறக்கினம். பக்கத்தில நிண்டவள் ஒரு மிடறு குடிச்சிட்டு, எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி மாதிரியே இனிக்குது எண்டாள். பிறகு அவள் இல்லை." அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை.

கேட்கிற விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள். எந்தப் படையணி, எங்கே நின்றாய், யார் பொறுப்பாளர் என்று அவர்களைக் கேட்டுக் கேட்டே களைக்கப் பண்ணியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து அதையே கேட்டார்கள். நாங்கள் அன்போடு போய் இருந்து அதே கேள்வியைக் கேட்டாலும் அவர்களுக்கு அது விசாரணைதான். அதனால் நான் இப்போது, "அங்க என்ன சமைச்சனீங்கள்?" என்றுதான் கேட்பேன். கொப்பியில் பெயர் எழுதுவதில்லை. கைபேசியை வெளியே எடுப்பதுமில்லை.

எல்லாரும் தாங்களாக விரும்பிப் போனவர்களும் இல்லை. வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கேட்ட காலம், பிறகு பிடித்துக்கொண்டு போன காலம், இரண்டையும் நாங்கள் கண்டோம். எனக்குத் தெரிந்த மேசன் தம்பி ஒருவரைத் தாய் கோழிக்கூட்டுக்குக் கீழே கிடங்கு வெட்டி ஒளித்து வைத்திருந்தார். அப்படியும் பிடிபட்டு, 17 நாள் நின்று, கையில் காயம். கடதாசியில் அவரும் 'முன்னாள் போராளி'. அந்தக் கிடங்கைப் பற்றி மட்டும்தான் அவர் கதைப்பார். எங்கள் நினைவு நாட்களில் அந்தத் தாயின் கதைக்கு நாங்கள் இடம் கொடுத்ததில்லை. இது எங்கள் பிழை, நான் சேர்ந்து செய்த பிழை.

கல்லுகளும் இருக்கின்றன. 1991இல் உடைந்த கவச புல்டோசரை ஆனையிறவு வீதியோரம் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். கனகபுரத்தில், இறந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லக் கல்லறைகளை இராணுவம் உடைத்தது. சனம் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து அதன் முன்னால் விளக்கேற்றுகிறது.

சில வருடங்களுக்கு முன், அந்தப் புல்டோசருக்குப் பக்கத்தில், பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தேன். தெற்கிலிருந்து ஒரு வான் வந்து நின்றது. தாய், இரண்டு பெண்பிள்ளைகள், ஐம்பது வயது மதிக்கத்தக்க தகப்பன். பிள்ளைகள் படம் எடுத்தார்கள். அவர் சின்னத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து, இயக்கச்சிக்கு எவ்வளவு தூரம் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னேன். 2000இல் தளத்துக்குள்ளே இராணுவத்தில் நின்றவராம். தண்ணீர் நின்ற பிறகு நாக்கு வீங்கியதாம். பிறகு கிளாலிப் பக்கமாக நடை. தாகத்தில் விழுந்த நண்பனைத் தூக்கத் தனக்கும் பலம் இருக்கவில்லை என்றார். மூத்த பிள்ளை படம் எடுப்பதை விட்டுவிட்டுத் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றது. அது அந்தக் கதையை முதல்தரமாகக் கேட்கிறது என்று விளங்கியது.

வானில் ஏறி நானே கூட்டிக்கொண்டு போனேன். எந்தக் கிணறு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வீட்டில் கேட்டோம், உள்ளே விட்டார்கள். அவரே அள்ளினார், குடித்தார், முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

அடுத்த சந்தை நாளில் இதை அந்த மரக்கறிக்காரப் பிள்ளைக்குச் சொன்னேன். சொல்லலாமோ என்று யோசித்துத்தான் சொன்னேன். அவர் தராசில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டே கேட்டார். நிறுத்து முடித்து, பையை நீட்டினார்.

"சேர், அவர் அள்ளேக்க வாளி இருந்ததோ?"

"இருந்தது பிள்ளை" என்றேன்.

நன்றி, வணக்கம்.