செம்பருத்தியை வெட்டத் தயங்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செடி வாங்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, செம்பருத்தி கூரை வரைக்கும் போயிருச்சு. பூ மட்டும் உச்சியில ரெண்டு மூணுதான். என்ன உரம் போடலாம்?"

உரம் அப்புறம். முதலில் கத்தரியை எடுங்கள்.

செம்பருத்தி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும். முற்றிய கிளையில் பூ வராது. வெட்டாமல் விட்ட செடியில் துளிர் உச்சியில் மட்டும் இருக்கும், பூவும் அங்கேயே நிற்கும். ஒரு கிளையின் நுனியை நறுக்கினால் கீழே இரண்டு மூன்று கணுக்கள் துளிர்க்கும். பூக்கும் நுனிகள் அப்படித்தான் பெருகும்.

வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூ வேண்டுமே என்று பலருக்கு வெட்ட மனம் வருவதில்லை. நியாயம்தான். அதனால் ஒரே நாளில் மொட்டை அடிக்க வேண்டாம். இந்த மாதம் மூன்றில் ஒரு பங்கு கிளைகள், அடுத்த மாதம் இன்னொரு பங்கு என்று போனால் சாமிக்குப் பூ நிற்காது. வருடம் முழுவதும் பச்சையாக இருக்கிற செடி, நம் ஊரில் எந்த மாதமும் வெட்டலாம். மழையே இல்லாமல் காயும் வாரங்களில் மட்டும் விட்டுவிடுங்கள்.

எங்கே வெட்டுவது? கணுவை உற்றுப் பாருங்கள், இலைக்காம்பின் அடியில் சின்ன முளை தெரியும். வெளிப்பக்கம் பார்த்த முளைக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். உள்பக்க முளையை விட்டால் கிளைகள் பின்னிக்கொள்ளும், காற்று புகாது, மாவுப்பூச்சி சுகமாகக் குடியேறிவிடும். எறும்பு வரிசையாக ஏறுகிறதா? அப்படியானால் நுனியைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சு போல வெள்ளையாக அப்பியிருக்கும். சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, மற்றதை ரப்பர் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். பாராங் கத்தியை (நீண்ட வெட்டுக்கத்தி) மட்டும் தொடாதீர்கள், பட்டை கிழிந்துவிடும்.

சரி, உரம். பூ வரட்டும் என்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள உரத்தை வாங்கிக் கொட்டுகிறார்கள். செம்பருத்திக்கு அது ஒத்துக்கொள்ளாது. இதற்குச் சாம்பல்சத்துதான் (பொட்டாசியம்) கூடுதலாக வேண்டும். தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு அது எண்ணெய் ஆலையிலேயே இருக்கிறது: பழம் உதிர்த்த செம்பனை (எண்ணெய்ப்பனை) வெற்றுக்குலை. தண்டைத் தொடாமல் சுற்றிலும் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் செம்பனையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அப்புறம் தோட்டத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்!

இன்னொன்று. துளிர் இலைகள் அகலமே இல்லாமல் நாடா மாதிரி ஒல்லியாக வந்தால் உடனே நோய் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் யாராவது கால்வாய் ஓரம் புல் மருந்து (களைக்கொல்லி) அடித்தார்களா என்று கேளுங்கள். காற்றில் வந்த சாரல் போதும். புல் மருந்து அடித்த பம்பில் இலைக்கு உரம் தெளித்தாலும் இதே கதைதான்.

1960-இல் நாட்டின் தேசிய மலரான செடி, சில்லறைக் காசில்கூட இருக்கிறது. ஆனாலும் வேலி ஓரத்தில் நட்டதோடு மறந்துவிடுகிறோம். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. பூவைத் தாராளமாகப் பறியுங்கள். சாதாரணச் சிவப்புப் பூ செடியில் இருந்தாலும் ஒரு நாள்தான். பறித்துத் தட்டில் வைத்தால் தண்ணீர் இல்லாமலே மாலை வரை விரிந்திருக்கும்.

வெட்டிய கிளைகளையும் வீசாதீர்கள். பென்சில் தடிமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, ஈர மணலில் நிழலில் ஊன்றுங்கள். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காமல் இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஒரு செடி தயார்.