கோச்சின் கண்டிப்பை எதை வைத்து அளப்பது?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்றால் நாம் ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டி, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, முட்டி மோதி ஓடும் ஆட்டம். அங்கே அணி தோற்றதும் கிளம்பும் முதல் புகார், "இந்த கோச்சுக்குப் பையன்களை அடக்கத் தெரியவில்லை" என்பதுதான்.

அடக்குவது பெரிய வித்தை இல்லை. 1954இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணிக்குப் புதிய கோச்சாக வந்த 'பேர்' பிரையன்ட், ஜங்ஷன் என்ற சிற்றூருக்குப் பையன்களை பஸ்ஸில் ஏற்றிப் போனார். வறட்சிக் காலம். கொளுத்தும் வெயிலில் பயிற்சி, நடுவில் தண்ணீர் கிடையாது. பாதிக்கு மேல் ஓடியே போய்விட்டார்கள். அந்த சீசனில் அணி ஆடியது பத்து ஆட்டம், ஜெயித்தது ஒன்று! இதை இன்றும் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வெறும் வதை. 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பயிற்சி ஓட்டத்தில் வெப்பம் தாக்கிச் சுருண்ட 19 வயது வீரர் பிழைக்கவில்லை. கோச்சின் வேலையும் போயிற்று.

அதே பிரையன்ட் 1963இல் அலபாமா பல்கலைக்கழக கோச்சாகச் செய்ததைத்தான் நான் கண்டிப்பு என்பேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், அணியின் உயிர்நாடியான ஜோ நாமத் விதியை மீறினார். சீசனின் கடைசி ஆட்டமும், சீசன் முடிந்து சிறந்த அணிகள் மோதும் சுகர் பவுல் ஆட்டமும் பாக்கி. இரண்டிலும் அவருக்கு இடமில்லை என்றார் பிரையன்ட். சுகர் பவுலில் அலபாமா, பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச்டவுன் ஒன்றுகூடப் போடவில்லை. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோல் நான்கை அடித்து 12-7 என்று தப்பித்தது. தோற்றிருந்தால் ஊரே பிரையன்ட்டைத்தான் ஏசியிருக்கும். நாமத் மறு ஆண்டு அணியில் ஆடினார், அலபாமா தேசிய சாம்பியன் ஆனது.

1995இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. லாரன்ஸ் ஃபிலிப்ஸ் என்ற நட்சத்திர ஓட்டக்காரர் தன் முன்னாள் காதலியைத் தாக்கிக் கைதானார். அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழக மாணவி. கோச் டாம் ஆஸ்பர்ன் அவரை ஆறு ஆட்டங்கள் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார். ஃபுட்பாலும் இல்லையென்றால் இவன் முற்றிலும் கெட்டுவிடுவான் என்பது அவர் வாதம். ஆஸ்பர்ன் பொய் சொல்லும் ஆள் இல்லை, அக்கறை நிஜம்தான். ஆனால் தேசிய சாம்பியன் யார் என்று முடிவான ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் ஃபிலிப்ஸ் பந்தோடு 165 கெஜம் ஓடினார். நெப்ராஸ்கா 62-24 என்று ஜெயித்தது. அக்கறையும் ஆதாயமும் ஒரே பக்கம் நின்றால் கோச் சொல்வதை யார் நம்புவார்கள்? ஃபிலிப்ஸைப் படிக்க விட்டிருக்கலாம், சிகிச்சைக்கு அனுப்பியிருக்கலாம். அந்த சீசனில் சீருடையைக் கொடுத்திருக்கக் கூடாது.

இப்போது சிக்கல் கூடியிருக்கிறது. 2021 முதல் வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற பழைய தடையும் தளர்ந்துவிட்டது. இங்கே உட்கார வைத்தால் பையன் அடுத்த கல்லூரிக்குப் போய் ஆடுவான். கோச்சின் சம்பளமோ வெற்றிக் கணக்கில் தொங்குகிறது. தாமதமாக வந்தவனை என்ன செய்வது என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். அடிதடி, போலீஸ் கேஸ் என்று வந்தால், யார் ஆடலாம் என்ற முடிவு ஆட்டத்தோடு சம்பந்தமில்லாதவர் கையில் இருக்க வேண்டும். வணக்கம்.