அடுப்பு மூட்டுமுன் பணம் வந்துவிட வேண்டும்

(தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களிடையே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரை)

பொறுப்பாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கு நிதி வேண்டுமென்றால் உடனே விருந்து வைக்கலாம் என்கிறோம். மண்டபம் நிறைந்தால் வெற்றி என்று மகிழ்கிறோம். எனக்கு அந்தக் கணக்கு போதாது.

50 மேசை, மேசைக்குப் 10 பேர், மேசை 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50,000. தலைக்கு 50 ரிங்கிட் சாப்பாடு என்றால் 25,000 அதற்கே போய்விடும். மண்டபம், ஒலிபெருக்கி, மேடை அலங்காரம், மாலை, பொன்னாடை எல்லாவற்றுக்கும் 8,000. மிஞ்சுவது 17,000. இதில் "என் பெயரில் ஒரு மேசை போடுங்கள், பணம் பிறகு தருகிறேன்" என்று சொன்ன பத்துப் பேர் கைவிரித்துவிட்டால் 7,000தான் மிச்சம். அவர்கள் மேசைக்கான சாப்பாட்டுப் பணத்தையும் பள்ளிதான் கட்டியிருக்கும்.

சமையல் குத்தகைக்காரரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே தலைக்கணக்கைச் சொல்லிவிடுகிறோம். அதன்பின் குறைக்க அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே அந்த நாள்தான் நமக்கும் கடைசி நாள். அதற்குள் பணம் வராத மேசையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இங்கே முகதாட்சண்யம் பார்த்தால் பிள்ளைகளின் பணத்தில் பார்க்கிறோம்.

நாள் குறிக்கும்போது புரட்டாசியையும் தைப்பூச விரத காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். முஸ்லிம் நண்பர்களையும் அழைப்பதாக இருந்தால் நோன்பு மாதம் வேண்டாம். ஹலால் சமையலுக்கு முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். சைவ உணவைத் தனி மேசையில் வைத்து, அங்கே தனிக் கரண்டியும் போடுங்கள். கோழிக்குழம்பில் இருந்த கரண்டி சாம்பாரில் விழுந்துவிட்டால் விரதக்காரர் வெறும் தயிர்ச்சோற்றோடு எழுந்து போவார்.

அடுத்து, நேரம். அழைப்பிதழில் ஏழு மணி என்று அச்சிட்டுவிட்டு, பிரமுகர் வரவில்லை என்று ஒன்பது மணிவரை உணவை மூடிவைக்கிறோம். ஆட்டிறைச்சிப் பிரட்டலின்மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிடுகிறது. பிள்ளைகள் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர்களிடம் டிக்கெட் விற்கப் போகும்போது அதன் பலன் தெரியும். எட்டு மணிக்குப் பரிமாறிவிடுங்கள். பிரமுகர் எப்போது வந்தாலும் மரியாதையாக வரவேற்று, ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். மாதிரிக் காசோலையோடு படம் எடுப்பதையும் அதோடு முடித்துக்கொள்ளலாம்.

முழு மேசை வாங்கும் நிறுவனங்களுக்கு முன்வரிசை கிடைக்கிறது, சிறப்பு மலரில் விளம்பரமும் வருகிறது. ஒரே ஒரு டிக்கெட் வாங்கும் பெற்றோருக்கோ கதவோரத்தில் இடம் போடுகிறோம். இது என்னை மிகவும் வருத்துகிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டும் என்று சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது, எளிய மக்களிடம் ஆளுக்கு ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு டாலர்தான் கேட்டார். தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று கதவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு டிக்கெட் வாங்கியவர்களை நடுமண்டபத்தில் சேர்த்து உட்கார வையுங்கள். ஆசிரியர்களும் அவர்களோடு அமர்ந்து சாப்பிடட்டும்.

பணம் கைமாறும் இடத்தில் கண்டிப்பு வேண்டும். கியூஆர் குறியீடு சங்கத்தின் வங்கிக் கணக்குக்குரியதாக இருக்கட்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் சரி. அது அவருக்கும் பாதுகாப்பு. ரசீதுப் புத்தகங்களை எண் எழுதிக் கொடுங்கள். விற்காத புத்தகமும் அடிக்கட்டையோடு திரும்பி வர வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்துவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே வரிவிலக்கு ரசீது தரலாம். அது நம்மிடம் இல்லையென்றால் நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

விருந்து முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாலைக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். மேசை வாங்கியவர், ஒற்றை டிக்கெட் வாங்கியவர் என்ற பேதமில்லாமல் எல்லார் பெயரும் அகர வரிசையில் அதன்கீழ் வரட்டும்.