மணலில் முறுக்கு பிழியும் புழு

நேயர்களுக்கு வணக்கம். கழிமுகத்துச் சேற்றில் கால் வைத்திருக்கிறீர்களா? மேலே பழுப்பாக இருக்கும். கால் புதைந்ததும் கறுப்புச் சேறு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. காற்றுப் புகாத இடம் அது. கடலடிச் சேற்றில் பல இடங்களில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்காது. இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றையும் தொட்டுக் கிடக்கிறது வாடன் கடல். அங்கே தண்ணீர் வற்றினால், யாரோ முறுக்கு பிழிந்து வைத்ததுபோல் மணல் முழுக்கச் சுருள்கள். லக்வார்ம் என்ற புழுவின் கழிவு. மூக்கைப் பொத்த வேண்டாம், முக்கால்வாசி வெறும் மணல்தான். ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்தில் அது படுத்திருக்கும். தலைப்பக்கத்து மணலைத் தின்னும். மேல்மணல் சரிந்து வாய்க்கு வரும். தின்றதை வால்பக்கமாக மேலே தள்ளிவிடும்.

ஜி. பி. வெல்ஸ் என்று ஒரு விலங்கியலாளர். அப்பா பெரிய நாவலாசிரியர். மகனுக்கோ இந்தப் புழுதான் உலகம். சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறை புழு பின்னோக்கி ஏறி வந்து சுருளைப் பிழிவதை அவர் கவனித்தார். தின்பதும் விட்டு விட்டுத்தான், சில நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்தத் தாளம் எங்கே இருக்கிறது? உணவுக்குழாயைத் தனியே எடுத்துக் கடல்நீரில் போட்டார். அதுபாட்டுக்கு அதே தாளத்தில் சுருங்கி விரிந்தது! இதை நான் சொல்லாத மேடையில்லை. வீட்டில் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். சுருள்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாதது. தான் மூச்சுவிட, உடம்பை அலையலையாக நெளித்து வால்பக்கத்திலிருந்து நல்ல நீரை உள்ளே இழுக்கிறது. அந்த நீர் தலைப்பக்கத்து மணலுக்குள் புகுந்து மேலேறுகிறது. மறுபடி சொல்கிறேன்: தனக்காகத்தான் இழுக்கிறது, மணலும் சேர்ந்து மூச்சுவிடுகிறது.

ஜெர்மனியின் சில்ட் தீவில் இதைச் சோதித்தார்கள். 20 மீட்டருக்கு 20 மீட்டர் திடல்கள்; 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வலையை விரித்துப் புதைத்தார்கள். புழுவால் வளை தோண்ட முடியவில்லை. மணலின் இடுக்குகளில் நுண்சேறு அடைந்து, நீரோட்டம் குறைந்தது.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கதையும் வைத்திருந்தேன். பூமியின் வரலாற்றில் கேம்பிரியன் என்ற காலம் எங்கே தொடங்குகிறது என்பதையே, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பாறையில் பதிந்த, ஏதோ ஓர் உயிர் தோண்டிய வளையின் தடத்தை வைத்துத்தான் குறித்திருக்கிறார்கள். அது இன்னொரு நாளைக்கு. வணக்கம்.